வாளி வைத்துப் பார்த்த அக்கா

மாதா கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் மற்றவர்கள் நெற்றியில் தொட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கி, "ஃபாதர், இது எந்தக் கொழா தண்ணி?" என்று கேட்பாள். ராயபுரத்தில் அவள் குடியிருந்த தெருவில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் சிரித்தவன்தான். அப்படிப்பட்டவளோடு கூட்டுத்தொழில் செய்யப்போகிறாய் என்று எந்தச் சாமியும் அப்போது என்னிடம் சொல்லவில்லை.

காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, திருவொற்றியூர் வரைக்கும் விற்றுக்கொண்டு வருவாள். என் அம்மா இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு அவளிடம்தான் மீன். ஏலத்தில் முண்டியடிக்க முழங்கால் விடவில்லை என்று அவள் புலம்ப ஆரம்பித்த சமயத்தில், கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு நானும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு குளம் குத்தகைக்கு வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்து, கட்லா, ரோகு விட்டு வளர்க்கலாம் என்றேன்.

"கொளத்து மீனா? அதுல உப்பே கெடையாதேடா" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒரு மாதம் அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரை மண்ணை முகர்ந்தாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எந்த மாதம் எந்தத் திசையில் பறக்கும் என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் விசாரித்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் "செரி" என்றாள். எனக்குப் பொறுமை போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அவளுடைய வாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயின்ட் வந்த பழைய வெள்ளை வாளி. சுண்ணாம்போ, சாணமோ, புதுத் தீனியோ, லாரித் தண்ணீரோ, குளத்துக்குள் எது போவதாக இருந்தாலும் முதலில் அதில் கொஞ்சம் வாளிக்குள் போகும். அதில் நாலு ஜிலேபி மீனை விடுவாள். ஒரு பகல், ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் நாலும் நீந்திக்கொண்டிருந்தால் அந்தச் சரக்கு குளத்துக்குப் போகலாம். ஒன்று மல்லாந்தாலும் அதை வரப்புக்கு வெளியே கொட்டிவிட வேண்டியதுதான். "நம்பறது அப்பால, மொதல்ல வாளி" என்பாள். நான் அவளுக்குத் தெரியாமல் அதற்கு 'ஹைகோர்ட்டு' என்று பேர் வைத்திருந்தேன்.

தீனி விற்கிறவன் எங்கள் குளம் என்றால் பேஜாராகிவிடுவான். மூட்டையை அவிழ்த்து, தோள் வரைக்கும் கையை விட்டு, அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பாள். "மேல இருக்கிறத எவனும் நல்லாதான் வெப்பான்" என்பாள். அவன் என்னிடம் தனியாக, "இன்னாண்ணா, இந்தம்மா போலீஸ்ல இருந்திச்சா?" என்று கேட்டான்.

அக்காவின் மகளைப் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை என்றார்கள். நல்ல இடம் என்று எல்லோரும் தலையாட்டினோம். அக்கா மூன்று நாள் துறைமுக வாசலில் கூடையோடு உட்கார்ந்து, ஷிப்ட் மாறும் நேரத்தில் அவன் உள்ளே போகிறானா என்று பார்த்தாள். போனான். அப்படியும் ஆறவில்லை. "உள்ள போறான், வர்றான். ஆனா செருப்பு சுத்தமா கீதேடா நைனா. அத்தினி கரியிலயும் அழுக்குலயும் செருப்பு அழுக்காவாத வேல இன்னா வேல?" என்று என்னைக் கேட்டாள். அவன் ஆபீசில் எழுதுகிற வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துகொண்டு பெண்ணைக் கொடுத்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை முதலில் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டான், பாவம்.

இப்படி ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. குளத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது. தீனி எவ்வளவு போட்டாய், தண்ணீர் எப்போது விட்டாய் என்று ஒரு நாள் துருவியதில்லை. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவும் இல்லை.

பக்கத்துக் குளத்தை வியாசர்பாடிக்காரன் ஒருவன் எடுத்திருந்தான். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். அதை விட்டுவிட்டுப் பெண்டாட்டியோடு கரையிலேயே கொட்டகை போட்டுக் குடிவந்துவிட்டான். இரண்டு குளத்துக்கும் ஒரே நிலத்துக்காரர், ஒரே வாய்க்கால். அவன் குளத்து வடிகால் எங்கள் கரையை ஒட்டித்தான் போகும். குஞ்சு விடுவதற்கு முன்னால் வேண்டாத மீனையெல்லாம் ஒழிக்க அவன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டான். அது மீனைக் கொல்லும், இரண்டு மூன்று வாரத்தில் விஷம் போய் அதுவே உரமாகிவிடும். மீன் வளர்க்கிற எல்லோரும் செய்கிற வேலைதான். அக்கா அவனையும் விட்டுவைக்கவில்லை. எந்தத் தேதியில் போட்டான், எத்தனை மூட்டை என்று கொட்டகைக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். அவன் மூஞ்சியைச் சுளிக்காமல் பதில் சொன்னான்.

அந்த வருஷம் ஆவணி நடுவில் அக்கா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது தீனிக்காரனுக்கு ஒரு புத்திமதி, வியாசர்பாடிக்காரனுக்கு ஒரு புத்திமதி, மோட்டார் ரிப்பேர்காரனுக்கு ஒரு மிரட்டல். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "எனக்கு ஒண்ணும் சொல்லலியாக்கா?" என்றேன். "உனுக்கு இன்னாத்த சொல்றது?" என்று ரயில் ஏறிவிட்டாள்.

அவள் போன மூன்றாம் நாள் ரோகுவில் பேன் விழுந்திருப்பதைப் பார்த்தேன். மீன் பேன் என்பது செதிலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சி. அரிப்புத் தாங்காமல் மீன்கள் கரையிலும் குச்சியிலும் உடம்பைத் தேய்க்கும். மூன்று மாதத்தில் கிறிஸ்துமஸ் விற்பனை. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், அக்கா இல்லாமலே ஒரு வேலையைச் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்கிற வீம்பும் இருந்தது. போனில் ஒருவர் வயலுக்கு அடிக்கிற ஐந்திலைக் கரைசல் செய்வது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். வேப்பிலையோடு, ஆடு தின்னாத தழைகளாகப் பார்த்து ஊறப்போட வேண்டும்: நொச்சி, எருக்கு, ஆடாதொடை, காட்டாமணக்கு. இதில் பூச்சி சாகும் என்றார். பூச்சி சாகும் என்றால் பேனும் சாகாதா? அம்மை போட்டால் வேப்பிலையில் படுக்கவைக்கிற ஊர் இது. தழைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஆடே வாய் வைக்காத தழையை மீனுக்கு ஊற்றுகிறோமே என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நீல டிரம்மில் ஊறப்போட்டேன். வீரியமாக இருக்கட்டும் என்று வேப்பங்கொட்டையையும் இடித்துப் போட்டேன். வாளி அங்கேயேதான் இருந்தது. ஒரு நாள் ஆகுமே என்று அதைத் தொடவில்லை. சாயங்காலம் டிரம்மோடு குளத்தில் கவிழ்த்தேன்.

விடியும்போது ரோகுவெல்லாம் தண்ணீர் மேல் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில மீன்கள் எகிறிக் கரையில் விழுந்தன. சில ஒருக்களித்தபடி வட்டம் போட்டன. ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சளி கட்டினாற்போல் கொழகொழவென்று இருந்தது. மதியத்துக்குள் குளம் முழுக்க வெள்ளை வயிறு. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், பொய் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டுச் சக்கையையெல்லாம் முள்ளுக்காட்டில் கொட்டிப் புதைத்து, டிரம்மை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

அதற்கப்புறம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மீனு செத்துப்போச்சிக்கா."

"இன்னா போட்ட?"

"நா ஒண்ணும் போடலக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பக்கத்துல இலுப்பப் புண்ணாக்கு போட்டாங்கோ இல்ல?" என்றும் சேர்த்தேன்.

அந்த ஒரு வாக்கியம் போதும். கரையில் நின்ற ஆடு மேய்க்கிறவர்கள் காதில் விழுந்து, சாயங்காலத்துக்குள் நிலத்துக்காரர் காதுக்குப் போய்விட்டது. ஊர் மாடெல்லாம் அந்த வாய்க்காலில்தான் தண்ணீர் குடிக்கும். விஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் குதித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில வருவேன். எவன் விஷம் வெச்சானோ அவன் அன்னிக்கே குளத்தைக் காலி பண்ணிட்டுப் போகணும்" என்று வியாசர்பாடிக்காரன் கொட்டகை முன்னால் நின்று கத்தினார். அவனுக்கு வேலையும் அந்தக் குளம்தான், வீடும் அந்தக் கரைதான். "சத்தியமா நான் இல்ல சார்" என்றான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அக்கா மொட்டைத் தலையோடு நேராகக் குளத்துக்கு வந்தாள். அவள் வந்து வியாசர்பாடிக்காரன் குடுமியைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவன்மேல் அவளுக்கு முதலிலிருந்தே ஒரு கண் இருந்ததே! அவளோ கரையில் உட்கார்ந்து செத்த மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தாள். "அவன்தான்க்கா" என்றேன். "இரு" என்றாள்.

எங்கிருந்தோ இன்னும் மூன்று வாளி கொண்டுவந்தாள். ஒன்றில் வியாசர்பாடிக்காரன் வடிகாலில் ஓடுகிற தண்ணீர். ஒன்றில் நல்ல தண்ணீரில் எங்கள் தீனி. ஒன்றில் சாம்பல் படிந்த மழைத் தண்ணீர். கடைசி வாளியில் எங்கள் குளத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நாலு ஜிலேபி. வரிசையாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஜபமாலையோடு உட்கார்ந்தாள்.

அந்த மூன்று நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குடலே குறுகுறுத்தது. அவள் தும்மினால் கண்டுபிடித்துவிட்டாளோ என்று தோன்றியது. "சாப்ட்டியா?" என்று கேட்டால் அதில் ஏதோ வைத்துக் கேட்கிறாள் என்று பட்டது. முள்ளுக்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போனாள் என்றால் திரும்பி வரும் வரைக்கும் எனக்கு மூச்சு நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வாளியில் நாலும் மல்லாந்தன. மற்ற மூன்று வாளிகளிலும் ஜிலேபிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"வாய்க்கா தண்ணி நல்லா கீது" என்றாள் அக்கா. "தீனியும் நல்லா கீது, சாம்பலும் ஒண்ணும் பண்ணல. கெட்டது நம்ம கொளத்துக்குள்ள மட்டும்தான் கீது."

அவள் எழுந்து மோட்டார் கொட்டகைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்த டிரம்ம யார்ரா கழுவுனது?"

"நாந்தான்க்கா. நாத்தம் அடிச்சிது."

"நீயா?"

"ஆமாக்கா."

"ம்" என்றாள். மூன்று வருஷத்தில் நான் சாப்பிட்ட தட்டைத் தவிர வேறெதையும் கழுவி அவள் பார்த்ததில்லை. வெளியே வந்து, வடிகால் தண்ணீர் வாளியை மட்டும் விட்டுவிட்டு மற்ற வாளிகளைக் கவிழ்க்கப் போனாள். சனிக்கிழமை முழுக்க என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்காரர் நாலு பேரோடு வந்தார். வியாசர்பாடிக்காரன் பெண்டாட்டி பாத்திரங்களை ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா வடிகால் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இது அவன் தண்ணி. மூணு நாளா என் மீனு இதுல நீஞ்சிகினு கீது. நீயே பாத்துக்கோ. அவன் மேல தப்பு இல்ல."

"அப்ப யாரும்மா? தானா வந்துச்சா விஷம்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்ற அந்த நேரம் எனக்காகத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், கெட்டுப்போன முதுகு, இந்தக் குளத்தை விட்டால் வேறு நாதி இல்லை என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது.

"நாந்தான்" என்றாள் அக்கா. "ஊருக்குப் போறதுக்கு மின்னாடி தழைத்தண்ணி ஊத்துனேன். பேனுக்கு நல்லதுன்னு எவனோ சொன்னான், அத்த நம்பிட்டேன்."

தழை என்று நான் எங்கேயும் உச்சரிக்கவில்லை. முள்ளுக்காட்டில் மண்ணைக் கிளறிப் பார்த்திருக்கிறாள்.

நிலத்துக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசினார். இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவனும் அவளிடம் நேர் நின்று பேசாத வார்த்தையெல்லாம் பேசினார். இந்தம்மா இனிமேல் வரப்பில் கால் வைக்கக் கூடாது, நீ வேண்டுமானால் இருந்துகொள் என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். எண்ணூர் தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"ஏன்க்கா அப்டி சொன்ன?"

"எனுக்குக் கூடை கீது. தூக்குனா சோறு. உனுக்கு இன்னா கீது?"

"அக்கா, நான்..."

"இப்ப இன்னாத்துக்கு என்னாண்ட சொல்ற? எனுக்குதான் தெரியுமே. சொல்ல வேண்டிய எடம் அங்க கொளத்தாண்டயே போச்சி."

திருவொற்றியூரில் நான் இறங்கினேன். அவள் ராயபுரத்துக்குப் போனாள். அந்தக் குளத்தில் இருந்த அவள் பங்கும் சேர்ந்து என்னுடையதானது.

அதன்பின் நாலு வருஷம் நான் அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. காசிமேட்டுப் பக்கம் போனால் வேறு தெருவாகப் போவேன். கெட்ட முழங்காலோடு கூடை தூக்குகிறாள் என்று காதில் விழுந்தது. பக்கத்துக் குளத்துக்காரன் வாரா வாரம் அவனுடைய மீனை அவளிடம்தான் விற்கக் கொடுக்கிறான் என்றும் தெரிந்தது. என் மீனை அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எனக்குள் ஒரே சந்தேகம்தான்: யாரிடமாவது சொல்லியிருப்பாளோ? தீனிக்காரன் சிரித்தால் சந்தேகம். நிலத்துக்காரர் தோளில் கை போட்டால் சந்தேகம். அக்காவுக்கு இருந்த வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டது. ஆனால் அவளுக்கு வாளி இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்காமல் இருக்கவே, ஒருவருக்கும் தெரியாது என்று மெல்ல மெல்லத் தைரியம் வந்தது.

போன மாதம் அக்கா இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வியாசர்பாடிக்காரன் வாசலில் நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "எவ்ளோ உஷாரான பொம்பள. அன்னிக்கு மட்டும் எப்டியோ தப்பு பண்ணிடுச்சி" என்றேன். இப்படிப் பேசிப் பேசி எனக்கு அதுவே பழகியிருந்தது.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மாமு, அக்கா வாளி வெச்சிப் பாக்காம கொளத்துல ஊத்துமா? நெலத்துக்காரரு மொதக்கொண்டு எவனும் அத்த நம்பல. அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும், நீதான்னு."

"அப்ப ஏன் ஒருத்தரும் என்னக் கேக்கல?"

"அக்கா கேக்க வாணாம்னிச்சி. நா வாரா வாரம் மீனு எடுத்துகினு போவேன்ல? கூடைய எறக்கறதுக்கு மின்னாடி மொதல்ல, 'அவன் உன்னாண்ட வந்து சொல்லிட்டானாடா?'ன்னு கேக்கும். 'இல்லக்கா'ம்பேன். போன வாரங்கூடக் கேட்டுச்சி."

"அதுக்கு இன்னா சொல்லும்?"

"'சொல்லுவான். நல்ல புள்ளதான், எனுக்குத் தெரியும், சொல்லுவான் பாரு'ங்கும்."